வாசல்தோறும் செம்பருத்தி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செம்பருத்தி. "நாள்தோறும் கண்ணில் படுகின்ற பூவைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். லயத்து வேலியோரத்தில் அது நிற்கிறது. கோயில் வாசலில் நிற்கிறது. தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்திலும் நிற்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாத செடி அது. ஆனால் காசில்லாமல் கிடைக்கும் பொருளைத்தான் நாம் பெரும்பாலும் கவனமின்றிக் கையாளுகிறோம். இறைவன் திருவடியில் வைக்கும் பூ, தாய்மார்கள் தலையில் தேய்க்கும் இலை, சிலர் கசாயமாக்கிக் குடிக்கும் இதழ் ஆகிய இவை எங்கே வளர்ந்தவை, எந்த அளவில் பயன்படுபவை என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? நல்ல இடத்தில் நம் கையாலேயே வளர்ப்பதும், அளவறிந்து பயன்படுத்துவதும் ஆகிய இவ்விரண்டையும் வலியுறுத்துவதே நமது இன்றைய நோக்கம்.

நாட்டின் மலரான வரலாறு

செம்பருத்தியை மலாய்மொழியில் 'பூங்கா ராயா' என்று அழைக்கின்றனர். 1958ஆம் ஆண்டில், சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த நம் நாட்டிற்கு ஒரு தேசிய மலர் வேண்டும் என்ற எண்ணத்தில், விவசாய அமைச்சு ஏழு மலர்களை முன்மொழிந்தது. கெனாங்கா, மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ, செம்பருத்தி ஆகியவையே அவ்வேழு மலர்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை மணம் மிகுந்தவை. செம்பருத்திக்கோ மணம் இல்லை. எனினும் 1960ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், அந்நாளைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் அரசாங்கம் செம்பருத்தியையே தேசிய மலராக அறிவித்தது. நாட்டின் எந்த மூலையிலும் காணப்படுவது, ஆண்டு முழுவதும் பூப்பது, ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் ஒருங்கே வளர்வது ஆகியன அதன் சிறப்புகளாகும்.

அதன் செந்நிறம் வீரத்தைக் குறிக்கும் என்பர். ஐந்து இதழ்கள் தேசியக் கோட்பாட்டின் ஐந்து நெறிகளைக் குறிக்கும் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். தேசியக் கோட்பாடு 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. ஆகவே மலர் முன்னரே வந்தது. ஐந்து நெறிகளின் பொருள் பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனோடு இணைந்தது. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த நாணயங்களிலும், 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ரிங்கிட் நோட்டுகளிலும் இம்மலர் இடம்பெற்றிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

மற்றொன்றையும் இங்குக் கருத வேண்டும். செம்பருத்தி இம்மண்ணில் தோன்றிய செடியன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், வணிகர்கள் வழியாக இத்தீபகற்பத்திற்கு வந்து சேர்ந்தது என்பர். நீங்கள் அன்றாடம் வெட்டுகின்ற பால்மரமும் பிரேசில் நாட்டிலிருந்து வந்ததே. வெளியிலிருந்து வந்து, இம்மண்ணில் வேர்விட்டு, இந்நாட்டுக்கே உரியதாகிவிட்ட பயிர்கள் இவை. இக்கருத்தை நாம் மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை; தோட்டத்து மக்கள் அதன் பொருளை நன்கு உணர்வர்.

பெயரும் குடும்பமும்

செம்பருத்தி என்னும் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கறிக்கு நறுக்கும் வெண்டைக்காயும், நிழலுக்கு நிற்கும் பூவரசும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெளிவாகத் தெரியும். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பு, செம்பருத்தி இலையைக் கசக்கும்போதும் உண்டாவதை நீங்கள் அறிவீர்கள். தலைமுடிக்கு அந்த இலை பயன்படுவதன் காரணம் இந்த வழுவழுப்பே என்பதைப் பின்னர் கூறுவோம்.

நடும் முறை

செம்பருத்திக்கு விதை தேட வேண்டியதில்லை. ஒரு குச்சி போதும். இதில் பால்வெட்டுத் தொழிலாளர்களாகிய உங்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது குறைவே. மரம் காயப்படாமல் அதன் பட்டையைச் சீவத் தெரிந்த கைகள் உங்களுடையவை. கூரிய கருவியும் நிதானமான கையும் செடிக்கு நன்மை என்பது உங்கள் அனுபவப் பாடம். அதையே இங்கும் கடைப்பிடிக்க வேண்டும்.

நோயில்லாத, நன்றாகப் பூக்கும் செடியிலிருந்து, மிக இளசாகவும் மிக முற்றியதாகவும் இல்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் பருமனும், 15 செண்டிமீட்டர் நீளமும் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய தண்டு வேர்விடாமல் அழுகும். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மற்ற இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். இலைகள் பெரியனவாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். நீர் ஆவியாவது குறையும்.

மணலும் மண்ணும் கலந்த கலவையில், அடியில் துளையிட்ட பையிலோ தொட்டியிலோ, ஒரு கணுவேனும் மண்ணுக்குள் இருக்கும்படி குச்சியை ஊன்றுங்கள். நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும். சேறாக இருத்தல் கூடாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்பிடித்துப் புதுத்தளிர் தோன்றும். எல்லாக் குச்சிகளும் பிழைப்பதில்லை. ஆகையால் இரண்டு செடி வேண்டுமானால் ஐந்து குச்சி ஊன்றுங்கள்.

அடுக்கு இதழ்களையும் பல நிறங்களையும் உடைய புதிய வகைகளுள் சில, குச்சியிலிருந்து எளிதில் வளர்வதில்லை. உறுதியான பழைய செந்நிறச் செடியின் தண்டில் அவற்றை ஒட்டுக்கட்டி வளர்க்கின்றனர். நாற்றுமேடையில் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டியவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் வீட்டுப் பயனுக்கும் வழிபாட்டுக்கும் ஐந்து இதழ்கள் கொண்ட பழைய செந்நிற வகையே ஏற்றது. அதுவே நமது தேசிய மலரும் ஆகும்.

செடியை நடும் இடம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலாவது கிடைத்தால்தான் பூ மிகுதியாகப் பூக்கும். பால்மர நிழலில் நட்டால் இலை தழைக்கும், பூ வராது. வேலியாக வளர்க்க விரும்பினால் செடிக்குச் செடி 60 செண்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். தனிச்செடியாக நிற்பதற்கு ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். வீட்டுமுன் உள்ள கால்வாயை அடைக்காமலும், நடைபாதையை மறைக்காமலும் நடுதல் வேண்டும். வீடும் நிலமும் தோட்டத்திற்கு உரியவையாதலால், வேலி அமைப்பதற்கு முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறையாகும்.

பராமரிப்பு

மக்கிய சாணம், மக்கிய இலைதழை ஆகியவையே போதிய உரம். மரங்களுக்கென்று வைத்திருக்கும் தோட்டத்து உரத்தை எடுத்துவந்து போடுவது முறையும் அன்று. அளவு மீறினால் செடிக்கு நன்மையும் அன்று. நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சி மிகும். அப்போது தண்ணீர் குறைந்தால் செம்பருத்தி மொட்டுகள் மலராமலே உதிரும். அம்மாதங்களில் மாலைதோறும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

பூக்கள் புதுத்தளிர்களின் நுனியில்தான் தோன்றும். வாரந்தோறும் கத்தரித்து வேலியை மதில்போல் ஆக்குகிறவர்கள் இலையைத்தான் பார்ப்பார்கள், பூவைப் பார்க்கமாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவாத்து செய்து, பின்னர் தளிர்விட வாய்ப்பளியுங்கள்.

தளிர் சுருண்டு, வெள்ளைப் பஞ்சுபோல் ஏதேனும் ஒட்டியிருந்தால், அது மாவுப்பூச்சி. எறும்புகள் அதனைக் காவல் காக்கும். தாக்கப்பட்ட நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எஞ்சியவற்றைச் சவர்க்காரம் கலந்த நீரால் கழுவுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் வேறு மருந்து தேவைப்படாது.

இங்குக் கொசுவைப் பற்றியும் கூறியாக வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே ஆகும். பூந்தொட்டியின் அடித்தட்டு, குச்சியை ஊன்றி வைத்த புட்டி, மூலையில் கிடக்கும் பழைய மங்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கொசுப்பண்ணை ஆகலாம். எனவே அடித்தட்டே வைக்காதீர்கள். வைத்தால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். அழகுக்காக வளர்த்த செடி வீட்டுக்கு நோயைக் கொண்டுவரக் கூடாது.

மருந்தடித்த இடத்துப் பூ வேண்டாம்

இனி நாம் மிக அழுத்தமாகக் கூற விரும்புவதற்கு வருவோம். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கமான வேலை. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் பயன்பாட்டில் உள்ளன. காற்றடித்தால் மருந்துத் துளிகள் நிரையைத் தாண்டிச் செல்லும். சாலையோரத்திலும் காட்டோரத்திலும் நிற்கும் செம்பருத்தியின் மேல் அவை படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அப்பூவைப் பறித்து வாயில் வைப்பதும், அவ்விலையை அரைத்துக் குழந்தையின் தலையில் தேய்ப்பதும் எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். கழுவினால் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊறிச் செல்பவை.

ஆகையால் உண்ணவும் தேய்க்கவும் பயன்படும் பூவையும் இலையையும் உங்கள் வாசலில், உங்கள் பார்வையில் வளர்ந்த செடியிலிருந்து மட்டுமே பறியுங்கள். தெளிப்பு வேலை செய்கின்ற தாய்மார்கள், வீடு திரும்பியதும் குளித்து உடைமாற்றிய பின்னரே பூவைத் தொடுதல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியான மருந்துக் கலன்களை வீட்டுக்கு எடுத்துவந்து, அவற்றில் செடி நடுவதோ தண்ணீர் பிடிப்பதோ கூடவே கூடாது. அவற்றை மும்முறை கழுவித் துளையிட்டு, தோட்டத்தின் ஏற்பாட்டின்படி ஒப்படைப்பதே சரியான முறை. பளபளப்பான கலன் என்று ஆசைப்பட்டு, நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

செம்பருத்தியின் முதற்பயன் வழிபாடு. தோட்டத்து மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் பிள்ளையாருக்கும் செந்நிறப் பூ உகந்தது என்பது நம் மக்களின் நம்பிக்கை. காலையில் மலர்ந்த பூ பொதுவாக அன்று மாலையே சுருங்கிவிடும். ஆனால் பறித்த பூவைத் தண்ணீரில் வைக்காவிட்டாலும் பகல் முழுவதும் விரிந்தே இருக்கும். ஆதலால் பிரட்டுக்குப் போகுமுன் இருளில் தேடிப் பறிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்தவர் பறித்தாலும் மாலைப் பூசைக்கு உதவும்.

இரண்டாவது பயன், தலைமுடிக்கு. ஒரு கைப்பிடி இளம் இலைகளைக் கழுவி, சிறிது தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால் வழுவழுப்பான சாறு கிடைக்கும். அது தலையின் அழுக்கை மென்மையாக நீக்கி, முடியைச் சிக்கில்லாமல் வைக்கும். எண்ணெய் காய்ச்ச விரும்பினால், பத்துப் பன்னிரண்டு பூக்களின் இதழ்களை நிழலில் நன்றாக உலர்த்தி, கால் லிட்டர் தேங்காய் எண்ணெயில் இட்டு, சிறுதீயில் சூடாக்கி, ஆறியபின் வடிகட்டுங்கள். ஈரமான இதழை இட்டால் எண்ணெய் தெறிக்கும். விரைவில் கெட்டும் போகும். குழந்தைகளை அடுப்பின் அருகில் விடாதீர்கள். முடி உதிர்ந்த இடத்தில் இவ்வெண்ணெய் புதுமுடி வளர்க்கும் என்று நாம் வாக்குறுதி தரமாட்டோம். முடியைப் பேணும் பொருளாக இதனைக் கொண்டால் ஏமாற்றம் இல்லை.

மூன்றாவது பயன் பிள்ளைகளுக்கானது. செம்பருத்தி இதழைத் தோல் சப்பாத்தின் மேல் தேய்த்தால் கருமை ஏறிப் பளபளக்கும். இதனால் இதற்குச் சப்பாத்துப் பூ என்ற பெயரும் உண்டு. அறிவியல் பாடமும் இதில் இருக்கிறது. ஐந்தாறு செந்நிறப் பூக்களின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்நீரை மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பாகும். மற்றொன்றில் ஆப்பசோடாவைக் கலந்தால் பச்சையாகும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. முதலாவது அமிலம், இரண்டாவது காரம். பால் உறைவதற்கு அமிலம் சேர்ப்பதையும், உறையாமல் இருப்பதற்கு அமோனியா என்னும் காரத்தைச் சேர்ப்பதையும் தோட்டத்தில் பார்த்திருக்கும் தந்தை, அதே பாடத்தைத் தம் பிள்ளைக்கு ஒரு பூவைக்கொண்டு விளக்கலாம். ஆலையில் பயன்படும் அமிலத்தையும் அமோனியாவையும் மட்டும் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். அவை எரிக்கும் தன்மை உடையவை.

மருந்தென்று எண்ணி மருத்துவரை மறவாதீர்

நம் பாட்டிமார் செம்பருத்தி இதழைக் கசாயமாக்கினர். மலாய்க்கார அன்பர்களும் அதன் இலையை நசுக்கி, குளிர்ச்சிக்காக நெற்றியில் பற்றிடுவது உண்டு. இவ்வழக்கங்களை நாம் இகழவில்லை. மகரந்தத் தண்டையும் பச்சைப் புறவிதழையும் நீக்கி, இரண்டு மூன்று பூக்களின் இதழை வெந்நீரில் இட்டு, எலுமிச்சை பிழிந்து அருந்துவது நல்ல பானமே. ஆனால் பானம் வேறு, மருந்து வேறு.

காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அது டிங்கியாகவும் இருக்கலாம். நெற்றியில் பற்றிட்டுக்கொண்டு மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் குறையும் வேளையில்தான் டிங்கி சிலருக்குக் கடுமையாகிறது. கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்பவர்கள், "செம்பருத்தித் தேநீர் குடிக்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று தாமாகவே நிறுத்துவது பெருந்தவறு. வலியில்லாத நோய்கள் இவை. ஆகவே நிறுத்தியதால் வரும் கேடு உடனே தெரியாது. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்ட பின்னரே தெரியும். கருவுற்ற தாய்மார்களும், கருவுறும் நிலையில் உள்ளவர்களும் செம்பருத்திக் கசாயத்தைத் தவிர்த்தல் வேண்டும். கருவைக் கலைப்பதற்கென்றே அதனைப் பயன்படுத்திய பழைய வழக்கம் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

கடைகளில் 'ரோசல்' என்ற பெயரில் விற்கும் சிவந்த பானம் தேசிய மலரிலிருந்து எடுத்ததன்று. அது புளிச்சக்கீரை இனத்துச் செடி, செம்பருத்திக்கு உறவு. பூ உதிர்ந்தபின் காயைச் சூழ்ந்து சிவந்து தடிக்கும் புறவிதழே அதற்குப் பயன்படுகிறது. அப்பானம் இரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனாலேயே, அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அருந்த வேண்டும். கடையில் வாங்கும் பாகில் சர்க்கரை மிகுதி என்பதை நீரிழிவு உள்ளவர்கள் நினைவில் கொள்க.

நிறைவாக

"விடியுமுன் எழுந்து வெளிக்காட்டுக்குப் போய் வருகிறோம், செடி வளர்க்க நேரம் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. செம்பருத்தி கேட்பது மாலையில் பத்து நிமிடம் மட்டுமே. அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீர் ஊற்றலாம்; தேங்கிய நீரைக் கவிழ்க்கலாம்; பூச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். பிள்ளைகளையும் உடன் நிறுத்திக்கொண்டால் அவர்களுக்கு அது பாடமாகும்.

பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இனியும் இடம்பெயரக்கூடும். லயத்தை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் வாசலில் நின்ற செம்பருத்தியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் செல்லலாம். அடுக்குமாடி வீட்டில் வெயில் படும் ஒரு தொட்டி இருந்தாலும் அது வேர்பிடிக்கும்.

ஆகவே இவ்வாரமே ஐந்து குச்சிகளை ஊன்றுங்கள். பிழைத்தவற்றில் ஒன்றை உங்கள் வாசலில் வையுங்கள்; ஒன்றைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். சுத்தமான இடத்தில் வளருங்கள், அளவறிந்து பயன்படுத்துங்கள், நோய் வந்தால் மருத்துவரை நாடுங்கள்.